மூணு ஒயர் மோட்டாரும் என் பழைய கிளைடரும்

திருநெல்வேலி பேட்டையில் எனக்கு ஒரு காயில் கட்டும் கடை இருக்கிறது. மிக்சி, கிரைண்டர், டேபிள் ஃபேன், வயக்காட்டு மோட்டார் என்று எது எரிந்தாலும் அக்கம்பக்கத்து ஆட்கள் எங்கிட்டதான் கொண்டு வருவார்கள். ஒரு நாளைக்கு நாலு மிக்சிக்காவது கார்பன் மாற்றுவேன். அதனால் கார்பன் பிரஷ்ஷை யாராவது மட்டமாகப் பேசினால் எனக்குப் பொறுக்காது, எனக்குச் சோறு போடுகிற சாமான் அது. அப்படிப்பட்ட நானே என் விளையாட்டு விமானத்திலிருந்து கார்பன் மோட்டாரைக் கழற்றிப் போட்டுவிட்டு கார்பனே இல்லாத பிரஷ்லெஸ் மோட்டார் மாட்டியிருக்கிறேன். தை மாசம் தொடங்கிய வேலை, ஆனி பிறந்தபிறகுதான் ஒருவழியாக முடிந்தது. இதில் வாங்கிய சாமான், ஏமாந்த சாமான், நானே எரித்த சாமான் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்கிறேன். யாராவது இதே வேலையில் இறங்கினால் பாதிச் செலவோடு தப்பிக்கலாம்.

விமானம் என்றால் கிளைடர், மோட்டாரால் மேலே ஏற்றிவிட்டு அப்புறம் சும்மா மிதக்கவிடுகிற ரகம். அது என் அக்கா மகன் வழியாக வந்தது. அவனோடு படித்த பையன் ஒருத்தன் துபாய்க்குப் போகும்போது ரிமோட், சார்ஜர் எல்லாம் சேர்த்து 4,500 ரூபாய்க்குத் தள்ளிவிட்டுப் போனான். ஃபோம் உடம்பு. இறக்கை நுனிக்கு நுனி 1.8 மீட்டர், அதாவது ஆறடிக்கு ஒரு இஞ்சு கம்மி. மூக்கில் 400 சைஸ் கார்பன் மோட்டார், அதன் ஷாஃப்டில் நேராக ஆறு இஞ்சு மடக்கு இலை, அதாவது மடங்குகிற புரொப்பெல்லர். வயிற்றுக்குள் ஏழு செல் நிக்கல் பேட்டரி, 8.4 வோல்ட். பலசரக்குக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன்: மொத்தம் 1,080 கிராம், அதில் பேட்டரி மட்டும் 400. சுமக்கிறவனைவிடச் சுமை பெரிது என்று அப்போதே தெரிந்தது.

பறந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கையிலிருந்து விட்டபிறகு ஒன்றரை நிமிஷம் மோட்டார் அலறவேண்டும், அதற்கப்புறம்தான் நிறுத்திவிட்டு மிதக்கவிடுகிற உயரம் வரும். பேட்டரியும் பழசு, மூணு ஏத்தத்தில் மூச்சு வாங்கிவிடும். ஒரு நாள் மோட்டாரைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தால் கார்பன் உரசுகிற கம்யூட்டேட்டர் வளையம் கரி பிடித்துப் பள்ளம் விழுந்து கிடந்தது. வாட்மீட்டர் மாட்டி அளந்தேன். 7.3 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கிறது, கிட்டத்தட்ட 95 வாட். இந்த சைஸ் மோட்டாரில் அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சூடாகத்தான் போகும். மிச்சம் வேகமாகச் சுற்றுகிற ஒரு சின்ன இலைக்குப் போய், அங்கே இன்னும் பாதி வீண்.

பிரஷ்லெஸ் என்றதும் ஏதோ ராக்கெட் சமாச்சாரம் என்று பயப்பட வேண்டாம். (ராக்கெட் சமாச்சாரம் வேண்டுமானால் நம்ம மகேந்திரகிரியில் இஸ்ரோ இருக்கிறது.) இது சின்ன த்ரீ பேஸ் மோட்டார், அவ்வளவுதான். கிணத்து மோட்டாரில் பேஸ் மாறிவிட்டால் தண்ணீர் ஏறாமல் பம்பு எதிர்ப்பக்கம் சுத்துமே, உடனே எலெக்ட்ரீஷியன் வந்து ரெண்டு ஒயரை மாற்றிப் போட்டுவிட்டு ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு போவாரே, அதே கதைதான் இங்கேயும். மூணு ஒயரில் எந்த ரெண்டை மாற்றினாலும் சுத்து மாறும். வித்தியாசம் என்னவென்றால் ஈபி நமக்கு 50 ஹெர்ட்ஸில் மூணு பேஸ் தருகிறது. இங்கே பேட்டரியின் நேர் மின்சாரத்தை எடுத்து ஈஎஸ்சி என்கிற கட்டைவிரல் அகலச் சர்க்யூட் மூணு பேஸாக வெட்டித் தருகிறது. நான் வாங்கிய மோட்டாரில் பன்னிரண்டு பல், பதினாலு காந்தம். நிமிஷத்துக்கு 9,000 சுற்று ஓடினால் உள்ளே 1,050 ஹெர்ட்ஸ் ஓடுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, தொழில் அப்படி. இப்போது வீடுகளில் 28 வாட், 30 வாட் என்று பிஎல்டிசி ஃபேன் மாட்டுகிறார்களே, அதற்கும் இதற்கும் வம்சம் ஒன்றுதான்.

எந்த மோட்டார்? நான் வாங்கியது ஏ2212, 1000 கேவி. கேவி என்றால் கிலோவோல்ட் என்று நினைத்து என் கடைப் பையன் எட்டடி தள்ளி நின்றான். ஒரு வோல்ட்டுக்குச் சும்மா ஓடும்போது எத்தனை சுற்று என்பதுதான் அது. 1000 கேவியில் 11.1 வோல்ட் கொடுத்தால் பாரம் இல்லாமல் 11,100 சுற்று. இதே மோட்டார் 1400 கேவியிலும் 2200 கேவியிலும் கிடைக்கிறது. டப்பாவில் பக்கத்திலேயே 13டி, 10டி, 6டி என்று போட்டிருப்பார்கள், அது ஒரு பல்லில் எத்தனை சுத்து கம்பி என்கிற கணக்கு. சுத்து குறைந்தால் வேகம் கூடும், இழுக்கிற ஆம்பியரும் கூடும். பதிமூணை ஆயிரத்தால் பெருக்கினாலும் ஆறை 2200-ஆல் பெருக்கினாலும் ஏறக்குறைய அதே எண்தான் வருகிறது. காயில் கட்டுகிறவனுக்கு இதைவிடச் சந்தோஷம் வேறென்ன. கிளைடருக்கு மெதுவாகச் சுற்றுகிற பெரிய இலைதான் தோது, அதனால் 1000 கேவிக்குமேல் போகாதீர்கள். 2200 கேவி மோட்டாரைப் பார்த்து நாக்கைத் தொங்கப்போட்ட என் மருமவனுக்கும் இதையேதான் சொன்னேன்.

சாமான் எல்லாம் ஆன்லைனில், ஒரே கடையில் வாங்கினேன். கடை பெயர் வேண்டாம். மோட்டார் 430 ரூபாய், 30 ஆம்பியர் ஈஎஸ்சி 520, ஒன்பதுக்கு ஐந்து (விட்டம் ஒன்பது இஞ்சு, பிட்ச் ஐந்து இஞ்சு; பிட்ச் என்றால் ஒரு சுற்றில் முன்னேறுகிற தூரம்) மடக்கு இலையும் மூக்குக் கூம்பும் 780, மூணு செல் 1300 எம்ஏஎச் லிப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) 1,250, கூரியர் 120. ஆக 3,100. செல்களைச் சமமாக ஏற்றுகிற பேலன்ஸ் சார்ஜர் தனியாக 1,900. நிக்கல் சார்ஜரில் லிப்போவைப் போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் அவரோடு சகவாசம் வைத்துக்கொள்ளாதீர்கள். மோட்டாரும் மற்றதும் மூணு நாளில் வந்தன. பேட்டரி தரை வழியாகத்தான் வரும் என்று பதினோரு நாள் ஆக்கினார்கள். லிப்போவை விமானத்தில் ஏற்றக் கெடுபிடி உண்டு, அதை நான் குறையாகச் சொல்லவில்லை. குறை வேறு, பின்னால் வருகிறது.

மோட்டாரைக் கையில் எடுத்ததும் ஏமாந்தேன். பழைய 400 மோட்டாரும் 28 மில்லி விட்டம், இதுவும் 28 மில்லி. அப்படியே உள்ளே தள்ளி ரெண்டு ஸ்குரூவைப் போட்டால் முடிந்தது வேலை என்று நினைத்தேன். கார்பன் மோட்டாரில் வெளி டப்பா சும்மா இருக்கும், உள்ளே ஆர்மேச்சர் சுத்தும். இதில் தலைகீழ். நடுவில் காயில் அசையாமல் இருக்கிறது, காந்தம் ஒட்டிய வெளி டப்பா சுத்துகிறது. ஃபோம் மூக்குக்குள் இறுக்கமாக மாட்டினால் டப்பா ஃபோமைத் தின்றுகொண்டே சுத்தும். சுற்றிலும் குறைந்தது மூணு மில்லி இடம் வேண்டும். சைக்கிள் ஸ்போக் ஒன்றைச் சூடாக்கி மூக்கின் உள்பக்கம் சுரண்டினேன். அந்த நாற்றத்தில் வீட்டுக்காரி என்னைத் திண்ணைக்கு விரட்டிவிட்டாள்.

மோட்டாரைத் தாங்குகிற முன்பலகைக்கு 3 மில்லி ஹைலம் ஷீட், மின்சாரம் கடத்தாத கெட்டிப் பலகை. கடையில் டெர்மினல் போர்டு வெட்டியதுபோக மிச்சம் கிடந்தது. மோட்டாரின் அடிப்பக்கத்தை அதில் திருகி, ஷாஃப்ட் பலகையைத் தாண்டி முன்னால் வருகிற மாதிரி வைத்தேன். ஓட்டைகள் ஒரு பக்கம் 16 மில்லி, மறுபக்கம் 19 மில்லி இடைவெளி, சதுரமாக இருக்கும் என்று நினைத்துத் துளை போட்டுவிடாதீர்கள். மோட்டார் நேர் முன்னே பார்க்கக்கூடாது, கொஞ்சம் கீழேயும் ஒரு மயிரிழை வலதுபக்கமும் சாய்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் முறுக்கியதும் கிளைடர் தலையைத் தூக்கிக்கொண்டு இடதுபக்கம் போகும். மோட்டார் பலகைக்குப் பின்னால் இருப்பதால், பலகைக்கும் மோட்டாருக்கும் நடுவில் கீழ் ஸ்குரூ ரெண்டிலும் ஒவ்வொரு வாஷர், வலதில் இன்னொரு அரை வாஷர், போதும். ஷாஃப்டும் மாறிவிட்டது. பழசு 2.3 மில்லி, புதுசு 3.17. அதனால் பழைய இலை மாட்டும் குமிழ் சேராது, புதுசாகத்தான் வாங்க வேண்டும். பலகையை ஒட்ட அரால்டைட் போட்டு ஒரு ராத்திரி விட்டேன்.

இந்த மாதிரி மாட்டும்போது மூணு ஒயரும் சுத்துகிற டப்பாவை ஒட்டித்தான் பின்னால் போகவேண்டும். எனக்கு இது உறைக்கவில்லை. மேசைமேல் வைத்து அரை நிமிஷம் ஓட்டிவிட்டு உள்ளே டார்ச் அடித்தேன். டப்பாவின் ஓரத்தில் சிவப்பாகக் குங்குமம் மாதிரி தூள். ஒயரின் தோலைத் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறது. இன்னும் ரெண்டு நிமிஷம் ஓடியிருந்தால் ரெண்டு பேஸ் உரசி ஈஎஸ்சி புகைந்திருக்கும். காயிலுக்குப் போடுகிற கண்ணாடி நூல் ஸ்லீவை மூணிலும் ஏற்றி, சுவரோடு சேர்த்துப் பசை வைத்துப் பிடித்துவிட்டேன். மாட்டுகிறவர்கள் முதல் ஓட்டத்துக்கு அப்புறம் கட்டாயம் டார்ச் அடித்துப் பாருங்கள்.

முதல் பறப்பு மானூர் பக்கம், கரிசல் தரிசில். காலை ஏழு மணி. எங்கள் பக்கத்தில் காற்றுத் திசை பார்க்கக் கொடி கட்ட வேண்டியதில்லை, தூரத்தில் நிற்கிற காற்றாலைக் காத்தாடிகள் எந்தப் பக்கம் முகம் வைத்திருக்கின்றன என்று பார்த்தால் போதும். முறுக்கிவிட்டுக் கையை விட்டேன். அம்மாடி! பழைய மோட்டாரில் கிளைடர் மாட்டுவண்டி மாதிரி ஏறும். இது தென்னைமரத்தில் அணில் ஏறுகிற மாதிரி ஏறியது. கால் நிமிஷத்தில் பழைய உயரம் வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருத்தர் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்னவே, சர்வே எடுக்க வந்த டிரோனா இது? எங்க தரிச எதுக்கும் எடுக்கப் போறாவளோ?"

"இல்ல பெரியவரே, சும்மா வெளாட்டுக்கு."

"வெளாட்டுக்கா? ஒமக்கா?"

அதற்குப் பதில் சொல்வதற்குள் மோட்டாரை நிறுத்தினேன். நிறுத்தியதும் மேலே 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். கிளைடர் மிதக்கவில்லை, யாரோ வாலைப் பிடித்து இழுக்கிற மாதிரி இறங்க ஆரம்பித்தது. பழைய மோட்டாரில் அந்த உயரத்திலிருந்து நாலு நிமிஷம் மிதக்கிற ஆள், ரெண்டு நிமிஷம்கூடத் தாங்கவில்லை. கடைசியில் உடமரத்தின் உச்சியில் போய் உட்கார்ந்தது. பெரியவர்தான் தொரட்டியால் இழுத்துக் கொடுத்தார். இறக்கையில் பதினேழு முள் ஓட்டை. பத்தொன்பது என்றான் மருமவன்.

வீட்டுக்கு வந்ததும் அவன் கேட்டான்: "மாமா, பிரேக்கு போட்டியளா?"

"ஏலே, பிளேன்ல ஏதுலே பிரேக்கு?"

அங்கேதான் விஷயமே இருந்தது. மடக்கு இலை தானாக மடங்காது. மோட்டார் அப்படியே நின்றுவிட வேண்டும், அப்போதுதான் எதிர்க்காற்று ரெண்டு இலையையும் பின்னால் தள்ளி உடம்போடு ஒட்டவைக்கும். நிற்காமல் காற்றில் சும்மா சுத்திக்கொண்டிருந்தால், சுத்துகிற வேகத்தில் இலைகள் விரிந்தே இருக்கும். அது ஒரு தட்டை மூக்கில் பிடித்துக்கொண்டு பறக்கிற மாதிரி. மோட்டாரை நிறுத்த ஈஎஸ்சி மூணு ஒயரையும் ஒன்றோடொன்று ஷார்ட் செய்யும். அதைத்தான் பிரேக் என்கிறார்கள். வீட்டிலேயே செய்து பார்க்கலாம். மோட்டாரைத் தனியாக வைத்து விரலால் சுத்துங்கள், காந்தம் 'டக் டக்' என்று தடுக்கும், ஆனாலும் சுத்தும். மூணு ஒயர் நுனியையும் சேர்த்து முறுக்கிவிட்டுச் சுத்துங்கள், தேன் பாட்டிலுக்குள் கரண்டி விட்டு ஆட்டுகிற மாதிரி இறுகும். மோட்டாரே ஜெனரேட்டராகித் தன்னைத்தானே பிடித்துக்கொள்கிறது.

கிளைடருக்கு மோட்டார் ஒரு ஏணி. மேலே ஏறியபிறகு ஏணி வழியை மறித்துக்கொண்டு நின்றால் என்ன பிரயோஜனம்? அதனால் இந்த சாமான்களுக்கு நான் மார்க் போடும்போது, ஓடுகிறபோது எவ்வளவு வேகம் என்பதை ரெண்டாவதாகத்தான் பார்க்கிறேன். நிறுத்தியபிறகு எவ்வளவு ஒதுங்கி இருக்கிறது, சும்மா இருக்கும்போது எவ்வளவு கனம், இதுதான் முதல் கேள்வி.

அந்தக் கேள்வியில் என் ஈஎஸ்சி ஃபெயில். கடைக்காரர் அனுப்பியது நாலு இறக்கை டிரோனுக்கான ஈஎஸ்சி. அதில் பிரேக் கிடையாது, போடவும் வழி இல்லை. மடக்கு இலையும் அதே பில்லில்தான் இருக்கிறது, கிளைடருக்கு என்று நான் மெசேஜில் எழுதியும் இருந்தேன். கேட்டதற்கு, "சார், எல்லா ஈஎஸ்சியும் ஒண்ணுதான் சார்" என்று பதில். மாற்றித் தரச் சொன்னேன், ஒயரில் ஈயம் வைத்துவிட்டீர்கள், திரும்ப எடுக்கமாட்டோம் என்றார்கள். ஈயம் வைக்காமல் எப்படி மாட்டிப் பார்ப்பது என்று கேட்டேன், ரெண்டு நீல டிக் மட்டும் வந்தது. மிக்சி ரிப்பேருக்கு வருகிறவர்களிடம் நான் இப்படிப் பதில் சொன்னால் பேட்டை ரோட்டில் நடமாட முடியாது.

வேறு கடையில் 850 ரூபாய்க்கு விமானத்துக்கான ஈஎஸ்சி வாங்கினேன். இதில் செட்டிங் போடுவது ஒரு தனிக் கூத்து. ரிமோட்டில் குச்சியை முழுசாக மேலே வைத்துக்கொண்டு பேட்டரியை மாட்ட வேண்டும். (இலையைக் கழற்றிவிட்டு. இதை மறந்தால் விரல் மிஞ்சாது.) கொஞ்ச நேரத்தில் மோட்டாரே பாட ஆரம்பிக்கும், தனியாக ஸ்பீக்கர் கிடையாது. ஒரு 'பீப்' என்றால் பிரேக், ரெண்டு 'பீப்' என்றால் பேட்டரி வகை என்று வரிசையாகப் போகும். வேண்டிய இடத்தில் குச்சியைக் கீழே இழுத்து, அப்புறம் மறுபடி மேலே தள்ளி மாற்ற வேண்டும். முதல் மூணு தடவை நான் எண்ணுவதற்குள் அடுத்ததற்குப் போய்விட்டது. நாலாவது தடவை மருமவன் எண்ணினான், நான் இழுத்தேன். பிரேக் விழுந்தது. கூடவே பேட்டரி இறங்கும்போது பட்டென்று நிற்காமல் படிப்படியாகக் குறைகிற மாதிரியும் வைத்துக்கொண்டோம். பொறுமை இல்லாதவர்கள் இருநூறு ரூபாய்ச் சில்லறைக்கு வருகிற புரோகிராம் கார்டை ஈஎஸ்சியோடு சேர்த்து வாங்கிவிடுங்கள்.

மறுநாள் அதே தரிசு. ஏறினேன், நிறுத்தினேன். 'டக்'. அவ்வளவு உயரத்திலிருந்தும் அந்தச் சத்தம் கேட்டது. ரெண்டு இலையும் குடை மடக்குகிற மாதிரி மடங்கி உடம்போடு ஒட்டின. அதற்கப்புறம் ஒரு சத்தமும் இல்லை. பெரியவரின் ஆட்டுக் கழுத்து மணி மட்டும் கேட்டது.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஒன்பது இஞ்சு இலை இந்த ஏத்து ஏத்தினால் பத்து இஞ்சு என்னமாய் ஏத்தும் என்று ஆசை வந்தது. பத்துக்கு ஆறு இலை 420 ரூபாய்க்கு வாங்கிப் போட்டேன். கடை கிளாம்ப் மீட்டரால் ஆம்பியர் பார்த்தேன், பூஜ்யம் காட்டியது. காட்டாமல் என்ன செய்யும், அது ஏசி மீட்டர், பேட்டரி ஒயரில் ஓடுவது டிசி. முப்பது வருஷத் தொழில்காரன் செய்கிற வேலையா இது என்று நீங்கள் கேட்கலாம், கேளுங்கள். வாட்மீட்டரைத் தேடி எடுக்கச் சோம்பல்பட்டு அப்படியே பறக்கவிட்டேன். நாற்பது செகண்ட் முழு முறுக்கில் ஏற்றி இறக்கினேன். கையில் எடுத்ததும் அந்த வாசனை. எரிந்த வார்னிஷ். ஆயிரம் மோட்டாரில் முகர்ந்த வாசனை, என் சொந்த மோட்டாரிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. அப்புறம் வாட்மீட்டர் போட்டுப் புது மோட்டாரில் நொடிநேரம் பார்த்தால் 19 ஆம்பியர். இந்த மோட்டாருக்கு 12 ஆம்பியர், அதுவும் ஒரு நிமிஷத்துக்குத்தான் என்று டப்பாவிலேயே எழுதியிருக்கிறது. ஒன்பதுக்கு ஐந்து இலையில் 10.9 வோல்ட்டில் சரியாக 12 ஆம்பியர், 130 வாட். ஒரு இஞ்சு விட்டமும் ஒரு இஞ்சு பிட்ச்சும் கூடினால் பாரம் ஒன்றரை மடங்குக்குமேல் ஏறுகிறது. காயில் தப்பினாலும் காந்தம் தப்பாது. இந்தச் சாதா நியோடிமியம் காந்தங்கள் 80 டிகிரி தாண்டினால் பலம் இழக்க ஆரம்பிக்கும், அப்புறம் ஆறினாலும் திரும்பாது.

எரிந்த மோட்டாரைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரித்தேன். பன்னிரண்டு பல், ஒவ்வொன்றிலும் பதிமூணு சுத்து, தலைமுடி மாதிரி பல இழைகளைச் சேர்த்துப் பிடித்துச் சுத்தியிருக்கிறார்கள். சுத்தமான வேலை என்று சொல்லமாட்டேன். ஒரு பல்லில் கம்பி ஏறுக்குமாறாகக் கிடந்தது, இன்சுலேஷன் பூச்சு ஓரத்தில் மெலிசாக இருந்தது. 430 ரூபாய்க்கு அவ்வளவுதான் வரும். ஒற்றைக் கம்பியில் அதே பதிமூணு சுத்து நானே கட்டினேன். ஓடுகிறது. காந்தத்தை நம்பி மறுபடி பறக்கவிடவில்லை. கடை மேசையில் இருக்கிறது, வருகிறவர்களுக்குச் சுத்திக் காட்டுவேன்.

அடுத்த பாடம் கனம். 400 கிராம் பேட்டரி போய் 110 கிராம் லிப்போ வந்ததும் மொத்த எடை 800-க்குக் கீழே வந்துவிட்டது என்று குதித்தேன். ஆனால் பழைய பேட்டரி மூக்குப் பக்கம் உட்கார்ந்து வாலைச் சமன் செய்துகொண்டிருந்தது. என் கிளைடரில் இறக்கையின் முன் விளிம்பிலிருந்து 70 மில்லியில் விரல் வைத்துத் தூக்கினால் மட்டமாக நிற்கவேண்டும். லிப்போவை எவ்வளவு முன்னே தள்ளினாலும் வால் தொங்கியது. மோட்டாரும் ஒயரும் இடத்தை அடைத்துக்கொண்டன. உவரியிலிருந்து சொந்தக்காரர் ஒருத்தர் கொடுத்த வலை ஈயக்குண்டுகளை மூக்கில் ஒவ்வொன்றாகப் போட்டேன், எழுபது கிராமில் சரியாக நின்றது. கொஞ்ச நாள் அப்படியே பறந்தேன். அப்புறம்தான் உறைத்தது: 2200 எம்ஏஎச் பேட்டரி 180 கிராம். 110-உம் 70-உம் கூட்டினால் அதே 180. செத்த ஈயத்தைச் சுமப்பதற்குக் கரண்டையே சுமக்கலாமே! 1,850 கொடுத்து அதை வாங்கி ஈயத்தை எடுத்துவிட்டேன். இப்போது மொத்தம் 865 கிராம். என்னை மாதிரி முன்னே கனமான நிக்கல் பேட்டரி வைத்த பழைய கிளைடர் வைத்திருப்பவர்கள் 1300-ஐ வாங்கவே வேண்டாம், நேராக 2200-க்குப் போங்கள்.

கணக்கும் நன்றாக வருகிறது. ஒரு ஏத்தம் முப்பது செகண்ட், 12 ஆம்பியர், ஆக 100 எம்ஏஎச். 2200-இல் எண்பது சதவீதம்தான் எடுக்க வேண்டும் என்று வைத்தாலும் பதினேழு ஏத்தம். ஒவ்வொரு ஏத்தத்துக்கும் காற்றில் ஒன்றுமே கிடைக்காவிட்டாலும் நாலு நிமிஷம் மிதக்கலாம். ஒரு மணி நேரத்துக்கு மேல். என் கழுத்துதான் முதலில் வலிக்கிறது. மாசி, பங்குனியில் பத்து மணிக்குமேல் கரிசல் சூடேறிக் காற்று மேலே எழும்பும்போது மோட்டாரைத் தொடவே வேண்டியதில்லை. பருந்து எங்கே இறக்கையை ஆட்டாமல் வட்டம் போடுகிறதோ அங்கே கொண்டுபோனால் போதும். பங்குனிக் கடைசியில் ஒரு நாள் ஒரே ஏத்தத்தில் இருபத்தாறு நிமிஷம் நின்றேன். பருந்து முதலில் ஒரு மாதிரிப் பார்த்தது, அப்புறம் கண்டுகொள்ளவில்லை.

குறையும் உண்டு. எடை குறைந்ததால் காற்றுக்கு எதிராகப் போகிற தெம்பும் குறைந்துவிட்டது. வைகாசிக்கு அப்புறம் ஆரல்வாய்மொழிக் கணவாயும் செங்கோட்டைக் கணவாயும் திறந்துவிட்ட மாதிரி காற்று வருமே, அதில் பழைய ஒரு கிலோ கிளைடர் முட்டிக்கொண்டு முன்னேறும். இது நின்ற இடத்திலேயே நிற்கிறது, சில சமயம் பின்னாலும் போகிறது. ஆடிக் காற்றில் அம்மி பறக்கும் ஊரில் 865 கிராம் எம்மாத்திரம். காத்தாடிகள் எல்லாம் ஒரே வேகத்தில் சுத்துகிற நாளில் நான் கிளைடரை எடுப்பதில்லை, கடையில் உட்கார்ந்து காயில் கட்டுகிறேன்.

லிப்போவைப் பற்றி ஒரு வார்த்தை. நிக்கல் பேட்டரியை ராத்திரி முழுக்கச் சார்ஜில் போட்டுத் தூங்கிய பழக்கம் இதில் ஆகாது. பக்கத்திலேயே இருந்து, செல்லுக்கு 4.2 வோல்ட் வந்ததும் எடுக்கவேண்டும். பறக்காத வாரங்களில் 3.8-இல் வைக்கவேண்டும். நான் மண்சட்டியில் எம்-சாண்டு போட்டு அதற்குள் வைத்து, சிமெண்டுத் தரையில்தான் சார்ஜ் போடுகிறேன். சித்திரை வெயிலில் ஸ்கூட்டர் டிக்கிக்குள் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். என்னுடைய 1300 அப்படித்தான் அப்பளம் மாதிரி உப்பிவிட்டது.

மார்க் சொல்லவேண்டுமென்றால், மோட்டாருக்குப் பத்துக்கு ஏழு. கொடுக்கிற காசுக்கு வேலை செய்கிறது, அளவுக்கு மேல் கேட்டால் எரியும், அது அதன் தப்பு இல்லை. ரெண்டாவது ஈஎஸ்சிக்கு எட்டு. மடக்கு இலைக்கு ஒன்பது. மொத்தச் செலவில் எனக்கு முழுத் திருப்தி தந்தது அதுதான், முள்ளில் விழுந்தும் ஒடியவில்லை. முதல் கடைக்கு ரெண்டு, அதுவும் பேக்கிங்குக்காக. நேர்வழியில் வாங்கியிருந்தால் சார்ஜர் நீங்கலாக 4,000 ரூபாய்ச் சொச்சத்தில் முடிந்திருக்கும். எனக்கு 6,650 ஆனது.

பறக்கவிடுகிற இடம் விஷயத்தில் நம் பக்கத்து ஆட்கள் கொஞ்சம் சூதானமாக இருக்க வேண்டும். கூடங்குளம், மகேந்திரகிரி, விஜயநாராயணம் கடற்படைத் தளம், வாகைகுளம் விமான நிலையம் எல்லாம் சுற்றிலும் இருக்கின்றன. 2021 டிரோன் விதிப்படி ரெண்டு கிலோவுக்குள் பொழுதுபோக்குக்குப் பறக்கவிட லைசென்ஸ் கேட்கமாட்டார்கள், ஆனால் சிவப்பு மண்டலம் (அனுமதி இல்லாமல் பறக்கவிடக்கூடாத இடம்) எல்லாருக்கும் சிவப்புதான். அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.

பழைய 400 மோட்டாரின் கம்யூட்டேட்டரை மெல்லிய எமரி தாளால் தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டேன். அது இப்போது மருமவன் செய்த தெர்மாகோல் படகில் ஓடுகிறது. போன வாரம் வந்து, "மாமா, இதுக்கும் பிரஷ்லெஸ் போட்டுருவமா?" என்றான். முதல் கடை தலையில் கட்டிய அந்தப் பிரேக் இல்லாத ஈஎஸ்சியை எடுத்துக் கையில் கொடுத்திருக்கிறேன். படகுக்குப் பிரேக் வேண்டாம்.